சொந்தக்காரர்கள் இல்லாத பனிமலை

முதலில் மன்னிப்பு. இரண்டு மன்னிப்பு.

சில வாரங்களாக இந்த இடம் காலியாக இருந்ததற்கு ஒன்று. இந்த வாரம் வந்து சேர்ந்திருக்கும் கையெழுத்துக்கு இன்னொன்று. என் கையெழுத்து எப்போதுமே மோசம்தான். பத்திரிகை ஆபீஸில் இதை டைப் அடிக்கும் தங்கையைக் கேட்டால் கண்ணீரோடு சொல்லும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ரவுக்கும் பெரிய றவுக்கும் இன்னும் என்னிடம் சமாதானம் ஆகவில்லை. போதாததற்கு இப்போது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. அதற்கு நடுவில் பேனாவைச் செருகி எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்தும் சறுக்கிக்கொண்டு கோட்டுக்குக் கீழே போகிறது. தங்கை, பொறுத்துக்கொள்ளம்மா.

சறுக்குவது என்றதும்தான் விஷயம் ஞாபகம் வருகிறது.

நேற்று சர்ச் முடிந்து படியிறங்கும்போது ஒரு அங்கிள் என் கட்டைப் பார்த்து நின்றார்.

"என்ன தம்பி, ஆல்ப்ஸ்ல விழுந்துட்டீங்களாமே?"

எனக்கு நாலு பேர் நடுவில் பேச்சு வராது. சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை அவர் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்.

"எந்த ரிசார்ட்?"

நல்ல கேள்வி! கோடையில் ஆரம்பித்து டிசம்பர் வரை, நியூ ஜெர்சி பிரிட்ஜ்வாட்டரில் மூன்று குடும்பங்கள் ஒன்று கூடி, சமோசா தின்று, டீ குடித்து, மண்டையை உடைத்துக்கொண்டது இந்த ஒரே கேள்விக்குத்தான். எந்த ரிசார்ட்?

நம்மவர்களின் விடுமுறைக்கு ஒரு ஏணி இருக்கிறது. கவனித்திருக்கிறீர்களா? வந்த புதிதில் நயாகரா. குழந்தை பிறந்ததும் ஃப்ளோரிடாவில் எலி வேஷம் போட்டவரோடு போட்டோ. வீடு வாங்கியதும் கப்பல். அப்புறம் ஹவாய். பிள்ளை காலேஜ் போனதும் அலாஸ்கா. அதோடு ஏணி முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. அதற்கு மேல் ஆல்ப்ஸ் இருக்கிறது. குளிர்காலத்தில். பனிச்சறுக்கு ரிசார்ட்டில். அந்தப் படியில் எங்கள் பக்கத்து ஆட்கள் இன்னும் யாரும் கால் வைக்கவில்லை.

"கைஸ், நாமதான் ஃபர்ஸ்ட்டா இருக்கணும்" என்றார் ராஜசேகர்.

ராஜசேகர் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். என்ன வேலை என்று பலமுறை விளக்கியிருக்கிறார். ஒருமுறையும் எனக்குப் புரிந்ததில்லை. எந்தக் காரியத்தையும் டிவியில் படம் போட்டுக் காட்டித்தான் செய்வார். என்னைவிடச் சின்னவர். 'அண்ணே' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவர் மனைவி ஷீலா. இரண்டாவது குடும்பம் டாக்டர் குகன், மனைவி சுகந்தி. யாழ்ப்பாணத்துக்காரர்கள். மூன்றாவது நாங்கள்.

எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்குகிறவன். குளிர் வந்தால் வீட்டு வாசலில் விழுந்த பனியை மண்வெட்டியால் அள்ளி ஓரம் கட்டுகிறவன். ஓரம் கட்டுவதையே தேடிப் பணம் கொடுத்துப் போய்ப் பார்ப்பானேன்?

என் மனைவி மெர்சிக்காக.

மெர்சி நர்ஸ். அவள் படிப்பால்தான் இந்த நாட்டுக்கு வந்தோம். எலும்பு முறிவு வார்டில் வேலை. ஒவ்வொரு குளிர்காலமும் கால் உடைந்து, தோள் கழன்று வரிசையாக வருவார்கள். எல்லாம் பனிச்சறுக்குக்குப் போனவர்கள். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்து சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, கால் ஒடிஞ்சு கெடக்கான். ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்ச ஒடனே மலையைப் பத்திப் பேசுதான். வலிக்கு மாத்திரை குடுக்கப் போனா போட்டோ காட்டுதான். சிரிக்கான்! அப்படி என்னதாங்க அங்க இருக்கு? ஒரு தடவ பாக்கணும்."

இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து 'பாக்கணும்' என்று ஒன்று வந்தது அன்றுதான்.

அவளுக்கு லீவு கிடைப்பது லேசு இல்லை. கிறிஸ்துமஸ் வாரம் முழுவதும் லீவு என்றால் கேட்கவே வேண்டாம். தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்றைக்கு நான் வருகிறேன், உன் ஞாயிறு டியூட்டிகளை நான் பார்க்கிறேன் என்று வார்டில் ஒவ்வொருத்தியிடமும் பேசி, உடம்பைக் கொடுத்து வாங்கிய வாரம் அது. இந்த வருடம் விட்டால் அடுத்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. அந்த வாரத்தைக் கொண்டுபோய் எங்கள் கமிட்டியின் கையில் கொடுத்தாள், பாவம்.

கமிட்டி முதல் நாள் கூடியது.

"கன்ட்ரிய முதல்ல ஃப்ரீஸ் பண்ணிடலாம். அப்புறம் மவுண்டன். அப்புறம் ஹோட்டல். டாப் டவுன் அப்ரோச்" என்று ராஜசேகர் டிவியில் ஆல்ப்ஸ் படத்தைப் போட்டார். "சுவிட்சர்லாந்து. எல்லாருக்கும் ஓகேதானே?"

"பாட்டுல எல்லாம் வருமே, அந்த மலை!" என்றார் ஷீலா. "நான் ஷிஃபான் சேலை எடுத்துட்டு வரேன்."

"சுவிஸ் சரிவராது ஐசே" என்றார் டாக்டர் குகன். "பேர்ண்ல எங்கட மாமா இருக்கிறார். அந்தப் பக்கம் போய் அவற்ற வீட்டை போகாட்டில், பிறகு நான் செத்தாலும் வரமாட்டினம்."

"அப்ப ஒரு நாள் போய்ட்டு வந்துடுங்க டாக்டர்."

"ஒரு நாளோ?" சுகந்தி அலறிவிட்டார். "மாமி எங்களை ஒரு நாளில விடுவாவோ? அங்க போனா பனியும் இல்லை, மலையும் இல்லை. புட்டுத்தான்."

சுவிட்சர்லாந்து அடிபட்டது.

"ஃபைன். பிரான்ஸ்."

"பரிசில சுகந்தியின்ர பெரியம்மா. நாலு பிள்ளையள். நாலு வீடு. ஒரு வீட்டை சாப்பிட்டு மற்ற வீட்டை சாப்பிடாட்டில் கொலை விழும்."

"ஜெர்மனி?"

"அங்க ரெண்டு பக்கத்து ஆக்களும் இருக்கினம்."

"இத்தாலி?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "மிலானோவில ஒரு சித்தப்பா... ஆனா அவரோட எங்களுக்குக் கதை பேச்சு இல்லை."

"சூப்பர்! அப்ப ப்ராப்ளம் இல்லையே?"

"அதாலதான் ஐசே இன்னும் போகேலாது!"

ராஜசேகர் தலையைச் சொறிந்தார். டிவியில் ஆல்ப்ஸ் மலை நாடு நாடாக அணைந்துகொண்டே வந்தது. கடைசியில் மெல்ல, பயந்து பயந்து கேட்டார்.

"ஆஸ்திரியா?"

டாக்டரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விரல் விட்டு எண்ணினார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள்.

"ஆஸ்திரியாவில... ஒருத்தரும் இல்லை."

"இருக்கிறதாத் தெரியேல்லை" என்று சுகந்தி எச்சரிக்கையாகத் திருத்தினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு நாட்டை அதன் மலைக்காக விரும்பியவர் உண்டு, சாக்லேட்டுக்காக விரும்பியவர் உண்டு. சொந்தக்காரர் இல்லை என்பதற்காக விரும்பிய முதல் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

நாடு முடிந்தது. மலை?

அந்த ஊர்ப் பெயர்களை எழுதச் சொல்லாதீர்கள். எனக்கு ரவே தகராறு. அவர்களோ நாலு மெய்யெழுத்தை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி, தலைக்கு இரண்டு புள்ளியும் வைத்துவிடுகிறார்கள். நான் என் வசதிக்கு ஊசி மலை, மொட்டை மலை, மாட்டு மணி மலை என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஊசி மலையில் பனி நன்றாக இருக்கும். ஆனால் அங்கே ஷீலாவின் ஆபீஸ்காரி ஒருத்தி ஏற்கெனவே போய்விட்டாள். எச்சில் மலை! அது வேண்டாம். மொட்டை மலைக்கு யாருமே போனதில்லை. ஆனால் பெயரைச் சொன்னால் யாருக்குமே தெரியாது. தெரியாத மலைக்குப் போய் என்ன பிரயோஜனம்? யாரும் போயிருக்கக் கூடாது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இப்படி ஒரு மலையைக் கடவுள் எங்கே படைத்து வைத்திருக்கிறார், சொல்லுங்கள்?

இதற்கிடையில் ராஜசேகர் நிறையப் படித்திருந்தார். பேச்சில் புதுப்புது வார்த்தைகள்.

"இந்த இடத்துல பிஸ்ட் சூப்பரா மெயின்டெயின் பண்றாங்க. ஆஃப் பிஸ்ட் மட்டும் நாம போக வேண்டாம்."

பிஸ்ட் என்றால் சறுக்குகிற தடமாம். எனக்கு வேறு மாதிரி காதில் விழுந்தது. நம் ஊரில் 'இவர் பெரிய பிஸ்தா' என்போமே, அது. யோசித்தால் பொருத்தம்தான். அந்த ஹாலில் எல்லோரும் பிஸ்தா. பிஸ்ட்டைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அப்புறம் அந்தப் பலகை விவகாரம். மாட்டு மணி மலையில் ஒரு ஹோட்டல் பிடித்துப்போயிற்று. அதன் பக்கத்தில் 'ஹாஃப் போர்டு' என்று போட்டிருந்தது. ஷீலா கேட்டார்:

"ஹாஃப் போர்டுன்னா என்னங்க?"

ராஜசேகர் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "ஸ்னோபோர்டுல ரெண்டு டைப் இருக்கு. ஃபுல் போர்டு அடல்ட்ஸுக்கு. ஹாஃப் போர்டு பிகினர்ஸுக்கு. ஷார்ட்டா இருக்கும். கன்ட்ரோல் பண்றது ஈஸி."

"அப்ப எங்களுக்கு ஹாஃப்தான் நல்லது" என்றார் டாக்டர். இதயத்தையே திறந்து மூடுகிறவர்.

"ஐயோ, பாதிப் பலகையில நின்னா விழுந்துட மாட்டமா? ஃபுல்லே எடுத்துக்குங்க" என்றார் ஷீலா.

அரைப் பலகையா, முழுப் பலகையா? இரண்டு வாரம் விவாதம். வாட்ஸப் குரூப்பில் வாக்கெடுப்பு. அரை ஜெயித்தது. பிறகு ஒரு நாள் என் மகள் ஜெனி காலேஜிலிருந்து வந்தவள், போனை வாங்கிப் பார்த்துவிட்டு சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

"அப்பா! இட்ஸ் ஃபுட்! ஹாஃப் போர்டுன்னா பிரேக்ஃபாஸ்ட் அண்ட் டின்னர்!"

நான் குரூப்பில் சொல்லவில்லை. கூச்சம். ஜெனியே போட்டாள். ராஜசேகர் பதில் போட்டார்: 'யெஸ், தட் ஆல்ஸோ.'

சாப்பாடு என்று தெரிந்ததும் அடுத்த யுத்தம். தினமும் ராத்திரி சீஸும் சூப்பும் யார் சாப்பிடுவது? ரைஸ் குக்கர் கொண்டுபோகலாமா? இங்கத்திய குக்கரை அங்கத்திய கரன்டில் சொருகினால் புகைந்துவிடும் என்றார் டாக்டர். கரன்டுக்கு ஒரு பெட்டி தனியாக விற்கிறது என்றார் ராஜசேகர். ஆல்ப்ஸ் மலையை விட அந்தப் பெட்டியைப் பற்றித்தான் அதிகம் பேசினோம்.

அன்றைக்கு மெர்சி டியூட்டி முடித்து நேராக அங்கே வந்தாள். நர்ஸ் உடுப்போடு, கோட்டைக் கூடக் கழற்றாமல், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்த மூலையில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"ஆமா, நம்மள்ல யாருக்குச் சறுக்கத் தெரியும்?"

சமோசா கடிக்கும் சத்தம் கூட நின்றுவிட்டது.

இத்தனை மாதம்! இத்தனை டீ! இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

"அக்கா" என்றார் ராஜசேகர், பொறுமையாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "தட்ஸ் நாட் தி பாயிண்ட்."

"பின்ன எதுங்க தம்பி பாயிண்ட்டு?"

"அது... ஃபர்ஸ்ட் ரிசார்ட் ஃபைனலைஸ் ஆகட்டும் அக்கா."

வார்டில் மெர்சியைக் கண்டால் எல்லோரும் 'எந்த மலை?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இவளுக்காக டியூட்டி மாற்றிக்கொண்டவர்கள் ஆயிற்றே, கேட்க மாட்டார்களா? 'சொல்லுதேன், சொல்லுதேன்' என்று சமாளித்தாள். ஒரு கட்டத்தில் சூப்பர்வைசரும் கூப்பிட்டுவிட்டாள். போவது நிச்சயம் இல்லை என்றால் அந்த வாரத்தை வேறு ஒருத்திக்குக் கொடுக்க வேண்டும், இந்த வெள்ளிக்குள் சொல். மெர்சி போவதாகச் சொல்லிவிட்டாள். எந்த மலை என்று தெரியாமலே.

அதனால் அந்த வியாழக்கிழமை சாயங்காலமே டிக்கெட்டும் ஹோட்டலும் போட்டுவிடுவது என்று முடிவானது. ராஜசேகர் வீடு. மாட்டு மணி மலை. ஜெனி லேப்டாப்போடு உட்கார்ந்தாள். ஒவ்வொருவர் பெயராக ஏற்றினாள்.

"ராஜ் அங்கிள், யுவர் பாஸ்போர்ட் நம்பர்?"

"எடுத்துட்டு வரேன்மா" என்று உள்ளே போனார் ராஜசேகர்.

போனவர் வரவில்லை.

ஷீலா சேலையைச் சரி செய்தபடி சமையலறைக்குள் போனார். டாக்டர் டிவியைப் பார்த்தார். எல்லோரும் பேசாமல் இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. காரில் ஏதோ எடுக்கப் போகிறவன் போல கராஜ் பக்கம் போனேன். அங்கே இருந்த இரண்டாவது ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் ராஜசேகர் நின்றுகொண்டிருந்தார். எதையும் எடுக்கவில்லை. சும்மா நின்றார்.

"தம்பி?"

"அண்ணே..." திரும்பவில்லை. "விசா ஸ்டாம்ப் முடிஞ்சு போச்சுண்ணே. வெளிய போனா இந்தியா போய் ஸ்டாம்பிங் பண்ணிட்டுத்தான் திரும்பி வர முடியும். அப்பாயின்ட்மென்ட் எப்ப கிடைக்கும்னே தெரியாது. வேலை போயிடும். லாயர் கிளியரா சொல்லிட்டான், பார்டர் தாண்டாதேன்னு."

"எப்ப சொன்னாரு?"

ஃப்ரிட்ஜுக்குள்ளே இருந்த மோர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சம்மர்லயே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மெர்சியின் தேங்க்ஸ்கிவிங், மெர்சியின் ஞாயிறுகள்! அப்புறம் வேறொன்று தோன்றியது. போக முடியாத மனிதனுக்கு, போகும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் விடுமுறை. அந்த ஐந்து மாதமும் அவர் ஆல்ப்ஸில்தான் இருந்திருக்கிறார். பிஸ்ட், லிஃப்ட், மாட்டு மணி... எல்லாம் அவருக்குத்தான் தெரியும். இந்த நாட்டின் ஏணியில் இவ்வளவு உயரம் ஏறியவருக்கு, ஏணியை விட்டு ஒரு காலைக் கீழே வைக்க உரிமை கிடையாது. வெளியே சொல்லவும் முடியாது. பிஸ்தாவாயிற்றே.

"நீங்களே உள்ள சொல்லிடுங்கண்ணே."

நானா? நாலு பேர் முன்னால் 'டீ போதும்' என்று சொல்லவே எனக்கு வாய் வராது. நான் முழித்த முழியைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. ஃப்ரிட்ஜை மூடினார். உள்ளே போனார். தொண்டையைச் செருமினார்.

"கைஸ், ஒரு பேட் நியூஸ். இப்பத்தான் பார்த்தேன். இந்த வருஷம் ஆல்ப்ஸ்ல ஸ்னோவே சரியில்லையாம். கிளைமேட் சேஞ்ச்."

அப்போது நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒருவராவது 'அப்படியா, எங்கே பார்த்தீர்கள்?' என்று கேட்க வேண்டுமே! இல்லை.

"நானும் நினைச்சனான் ஐசே!" டாக்டர் சோபாவிலிருந்து கிட்டத்தட்டக் குதித்தார். "பனி இல்லாமல் போய் என்ன செய்யிறது?"

விஷயம் பிறகுதான் வெளியே வந்தது. சுகந்தி கடையில் பனிச்சட்டை போட்டுப் பார்த்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். பேர்ண் மாமா பார்த்துவிட்டார். பார்த்தால் விடுவாரா? டாக்டர் குடும்பம் அதற்குள் மாமா வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. எங்களிடம் எப்படிச் சொல்வது என்று அவர்களும் ஒரு வாரமாக முழித்துக்கொண்டிருந்தார்கள். ஷீலாவுக்கோ, கணவர் வாயிலிருந்து எப்படியோ ஒரு காரணம் வந்துவிட்ட நிம்மதி. ஒரே பொய்யில் இரண்டு குடும்பத்துக்கு மூச்சு வந்தது.

மெர்சி மட்டும் கோட்டின் பொத்தானைப் போட்டாள்.

காரில் போகும்போது கேட்டேன், "என்ன, பேசாம வார?"

"பனி இல்லையாம்லா" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "அந்தத் தம்பி பொய் சொல்லுதாருன்னு தெரிஞ்சுது. நோயாளி மொகத்தப் பாத்தாத் தெரியாதா? ஆனா அந்த மொகத்தப் பாத்த பொறவு கேக்க மனசு வரல."

ஆல்ப்ஸுக்கு நாங்கள் மட்டும் தனியாகப் போகலாம் என்று பார்த்தோம். டிக்கெட் விலை அதற்குள் ஊசி மலை உயரம் போயிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் மெர்சி எழுந்து, எலுமிச்சை சாதம் கட்டினாள். ஜெனியிடம் காரை எடுக்கச் சொன்னாள். வடக்கு ஜெர்சியில், நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும்படி ஒரு குன்று இருக்கிறது. மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும். வானத்துப் பனி பற்றாமல் மெஷின் வைத்துத் தூவுகிறார்கள். அங்கே யாரும் எங்களிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஷூ சைஸ் மட்டும் கேட்டார்கள்.

நான் காலில் எதையும் மாட்ட மாட்டேன் என்றுவிட்டேன். பையைப் பிடித்துக்கொண்டு அடிவாரத்தில் நின்றேன். மெர்சி, முழங்கால் உயரப் பிள்ளைகளின் வரிசையில் போய் நின்றாள். கற்றுக்கொடுக்கும் பெண் "பீட்ஸா! பீட்ஸா!" என்று கத்தினாள்.

"ஏட்டி ஜெனி, அதுக்குப் பசிக்காக்கும்?"

"அம்மா! காலை பீட்ஸா ஸ்லைஸ் மாதிரி வைக்கணும்! தட்ஸ் ஹவ் யூ ஸ்டாப்!"

மெர்சி காலை முக்கோணமாக வைத்தாள். தள்ளினாள். வந்தாள். மேலே அந்தப் பெண் பீட்ஸா, பீட்ஸா என்று அலற, எந்த பீட்ஸாவும் வைக்காமல், கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, என்னை நோக்கி நேராக வந்தாள். வார்டில் எத்தனையோ வருடம் நின்ற கால்கள். நடக்காமலே வந்தன. என்னைத் தாண்டிப் போனாள். ஆரஞ்சு வலையில் மோதினாள். விழுந்தாள். எழுந்திருக்கவில்லை.

மல்லாந்து கிடந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. கல்யாணத்தன்று கூட.

எனக்கு அது சிரிப்பு என்று முதலில் தெரியவில்லை. ஒடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பையைப் போட்டுவிட்டு ஓடினேன், கடை வேலைக்குப் போடும் ஷூவோடு. பனிக்கட்டியில் கால் வைத்தது தெரியும். அடுத்து வானம் தெரிந்தது.

மெர்சி காலில் பலகையோடே தவழ்ந்து வந்தாள். என் கையைத் தொட்ட உடனே அவள் குரல் மாறிவிட்டது. வார்டுக் குரல்.

"அசைக்காதிய. ஒடிஞ்சிருக்கு."

தன் கழுத்துத் துணியை அவிழ்த்து என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள். கட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் சிரிக்கிய?"

நான் சிரிக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவளுடைய வார்டிலேயேதான் கட்டுப் போட்டார்கள். கூட வேலை செய்கிறவர்கள் கூடிவிட்டார்கள். 'ஆல்ப்ஸ்?' என்று கேட்டாள் ஒருத்தி, கண்ணை விரித்து. மெர்சி நிமிர்ந்து நின்று சொன்னாள்: "நோ. ஜெர்சி." சொன்ன தோரணையில், ஆல்ப்ஸே ஒரு படி கீழே இறங்கிவிட்டது.

ஆனாலும் செய்தி எப்படியோ ஆல்ப்ஸ் என்றே பரவிவிட்டது. நம்மவர்களுக்கு ஜெர்சியில் விழுந்த கை ஒரு கையா? டாக்டர் குடும்பம் பேர்ணிலிருந்து அனுப்பிய படத்தில் மேசை நிறைய இடியப்பம். பின்னால் ஜன்னல். ஜன்னல் மூலையில் வெள்ளையாக ஒரு துண்டு. அதுதான் ஆல்ப்ஸாம்.

போன வாரம் ராஜசேகர் போன் செய்தார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். குரூப்பில் அடுத்த வருடத்துக்கு ஜப்பான் மலையைப் பற்றிப் பேச்சு ஓடுவதாகச் சொன்னார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்ணே... அந்த ஜெர்சி மலைக்கு, பாஸ்போர்ட் எதுவும் வேண்டாம்ல?"

"ஷூ சைஸ் மட்டும்தான் தம்பி."

குரல் இன்னும் இறங்கியது.

"குரூப்ல போட்டுடாதீங்கண்ணே. வோட்டிங் வெச்சிடுவாங்க."

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். எல்லோர் பெயரையும் மாற்றியிருக்கிறேன். வரும் சனிக்கிழமை அவரும் ஷீலாவும் எங்கள் காரில் வருகிறார்கள். மெர்சிதான் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். பீட்ஸா வைக்காதவளிடம் பீட்ஸா படிக்கப் போகிறார் ராஜசேகர். நான் பை பிடிப்பேன், இடது கையால்.

அதுவரை பனி இருக்குமா என்றுதான் கவலையாக இருந்தது. இன்று காலை டிவியில் அந்தப் பெருச்சாளியைத் தூக்கிக் காட்டினார்கள். வருடா வருடம் இந்தத் தேதியில் குளிர் எவ்வளவு நாள் என்று குறி சொல்லுமே, அது. இன்னும் ஆறு வாரம் இருக்கிறதாம். கமிட்டி எதுவும் வைக்காமல், தனியாக, ஒரே நிமிடத்தில் முடிவெடுத்திருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கட்கிழமை.